கன்னு போட 20 நாள் இருக்கு, பைபாஸ் ஃபேட் இப்பவே ஆரம்பிக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோபி_கட்டுத்தாரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நமக்கு கோபி பக்கம், மொத்தம் 4 கறவை. அதுல ஒரு எச்எஃப் கிராஸ் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பின மாடு) மூணாவது ஈத்துக்கு சினையா இருக்குதுங்க, சினை ஊசி போட்ட தேதி வச்சு பாத்தா இன்னும் 20 நாள்ல கன்னு போடணும், பால் வத்த வச்சு 40 நாள் ஆச்சு.

போன ஈத்துல என்ன ஆச்சுன்னா கன்னு போட்டு பத்து நாள்ல 18 லிட்டருக்கு வந்துருச்சு, நாங்களும் சந்தோசமா இருந்தோம். 12வது நாளோ 13வது நாளோ காலைல தாழில தீவனத்த அப்படியே வச்சுட்டு வெறும் சோளத்தட்ட மட்டும் கடிச்சுட்டு நின்னுச்சு. கிட்ட போனா வாயில ஒரு வாசம், பழம் கனிஞ்சு போனா வருமே அந்த மாதிரி. ரெண்டே நாள்ல 18 லிட்டர் 11க்கு வந்துருச்சு. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏத்துனாரு, ரெண்டு தடவ ஏத்துன பின்னாடி தான் தீவனம் தொட்டுச்சு, ஆனா பால் பழையபடி வரவே இல்ல. இடுப்பெலும்பு ரெண்டும் துருத்திகிட்டு, முதுகு கத்தி மாதிரி ஆயிருச்சு, பருவத்துக்கு வர்றதுக்கு 5 மாசம் ஆச்சுங்க. அந்த ஒரு மாட்டுனால அந்த வருசம் பூராம் வெசனம் தான்.

இந்த தடவ அப்படி ஆகக்கூடாதுன்னு தீவனக் கடைல கேட்டேன், இன்னைக்கிருந்தே அன்னாடம் 200 கிராம் பைபாஸ் ஃபேட் (பெரு வயித்த தாண்டிப் போயி செரிக்குற கொழுப்புத் தூள்) போடுங்க, கொழுப்பு சேந்தா கன்னு போட்டப்பறம் எளைக்காதுன்னாங்க. எங்க பெரியப்பா அதெல்லாம் வேண்டாம், கன்னு போட்ட அன்னைல இருந்து அஞ்சு நாளைக்கு அரை லிட்டர் நல்லெண்ணெய் புகட்டு, வயிறு சுத்தமாகும், தெம்பும் வரும்ங்கறாரு. பக்கத்து தோட்டத்துக்காரரு கருப்பட்டி குடுக்க சொல்றாரு. யார் சொல்றத கேக்கறதுன்னு தெரியல.

இப்ப குடுக்கறது கோ 4 புல்லு, சோளத்தட்டு, கலப்பு தீவனம் 2 கிலோ, பொழுதோட தவிட்டுத் தண்ணி. வெயில் வேற இப்பவே கொளுத்துது. அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

டெல்டா_மாடு:

நான் ரெண்டு வருசமா பைபாஸ் ஃபேட் குடுக்குறேன், நல்ல பொருள் தான், ஆனா எடுத்த எடுப்புல 200 கிராம் போடாதீங்க. நான் மொத தடவ அப்படி தான் பண்ணேன். கன்னு போட பத்து நாள் இருந்த மாட்டுக்கு 150 கிராம தீவனத்து மேல தூவி வச்சேன். மாடு வந்து மோந்து பாத்துச்சு, மூக்கால புஸ்ஸுன்னு ஒரு ஊது ஊதுச்சு, பவுடர் பறந்துச்சு, தலைய திருப்பிக்கிச்சு. தீவனத்தையும் சேத்து தொடல. அதுக்கு ஒரு சோப்பு வாசம் இருக்குங்க, மாட்டுக்கு அது புதுசு. மறுநாளும் தொடல. கன்னு போடப்போற மாடு ரெண்டு நாள் தீவனம் எடுக்கலைன்னா அதுவே பெரிய நட்டம். அப்புறம் பவுடர எல்லாம் கொட்டிட்டு புதுசா தீவனம் வச்ச பின்னாடி தான் சாப்ட்டுச்சு.

இப்பல்லாம் ஒரு உள்ளங்கை அளவு, 30 கிராம் இருக்கும், அத ஈரமான தவிட்டோட பிசைஞ்சு மக்காச்சோள மாவோட கலந்து வைப்பேன், நாலஞ்சு நாள்ல பழகிடும்.

கால்நடை_டாக்டர்_நாமக்கல்:

கோபி அண்ணா, உங்க மாட்டுக்கு போன தடவ வந்தது கீட்டோசிஸ், நீங்க சொன்ன பழ வாசமும், தீவனத்த விட்டுட்டு தட்ட மட்டும் கடிச்சதும் அதுக்குன்னே உள்ள அடையாளம். இது ஏன் வந்துச்சுங்கறது புரிஞ்சா பைபாஸ் ஃபேட்ட எப்ப போடணும்ங்கறது தானா புரியும், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

18 லிட்டர் பால்ல 4 சதவீதம் கொழுப்புன்னு வச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 720 கிராம் கொழுப்பு மடி வழியா வெளிய போகுது. சர்க்கரை, புரதம் எல்லாம் தனி. கன்னு போட்ட ஒரு மாசம் ரெண்டு மாசத்துல பால் உச்சத்துக்கு வந்துரும், ஆனா மாட்டோட பசி உச்சத்துக்கு வர்றதுக்கு ரெண்டரை மூணு மாசம் ஆகும். நடுவுல இருக்குற இந்த பள்ளத்த மாடு தன் உடம்புல இருக்குற கொழுப்ப கரைச்சு தான் நிரப்புது. கரைஞ்ச கொழுப்பு ரத்தத்துல கலந்து ஈரலுக்கு வந்து சேருது. ஈரல் ஒரு அளவுக்கு தான் எரிக்கும், மீதி ஈரல்லயே படியும், பாதி எரிஞ்சது கீட்டோனா மாறும். கீட்டோன் ஏறுனா பசி போகும், பசி போனா இன்னும் கொழுப்பு கரையும். உங்க மாடு 12வது நாள் மாட்டிகிட்டது இந்த சுழல்ல தான்.

இப்ப யோசிங்க. அந்த மொத ரெண்டு மூணு வாரத்துல ஈரல்ல ஏற்கனவே கொழுப்பு வெள்ளம் மாதிரி வந்துட்டு இருக்கு. அங்க பற்றாக்குறை குளுக்கோஸ். கொழுப்பு அமிலத்துல இருந்து மாட்டு உடம்பு குளுக்கோஸ் பண்ண முடியாது. அதனால பைபாஸ் ஃபேட் கீட்டோசிஸுக்கு மருந்து கிடையாது, வந்த பின்னாடி அத அள்ளிப் போட்டு பிரயோஜனம் இல்ல. பாலுக்கு போற கொழுப்புல கொஞ்சத்த தீவனம் வழியா குடுத்து, உடம்பு கரையற வேகத்த குறைக்கலாம், அவ்வளவு தான். அதுவும் மாடு நல்லா திங்க ஆரம்பிச்ச பின்னாடி.

கன்னு போடறதுக்கு முன்னாடி உள்ள மூணு வாரம் தான் எனக்கு ரொம்ப கவலை. அந்த கடைசி நாட்கள்ல மாடு திங்கறது தானாவே மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறையும். கன்னு வயித்துல இடத்த அடைச்சுக்கும், ஹார்மோனும் மாறும். அந்த நேரத்துல 200 கிராம் கொழுப்பு சேத்தா பசி இன்னும் மட்டுப்படும். இன்னொன்னு, நம்ம கடைல கெடைக்குற பைபாஸ் ஃபேட் பெரும்பாலும் பாமாயில் கொழுப்பு அமிலத்தோட கால்சியம் சேத்த உப்பு, அதுல 84 சதவீதம் கொழுப்புன்னா 9 சதவீதம் பக்கம் கால்சியம். 200 கிராம் போட்டா 18 கிராம் கால்சியம் உள்ள போகும். கன்னு போடறதுக்கு முன்னாடி கால்சியம் தாராளமா குடுத்தா மாட்டோட உடம்பு எலும்புல இருந்து கால்சியம் எடுக்குற வேலைய மறந்துரும், கன்னு போட்ட அன்னைக்கு திடீர்னு சீம்பாலுக்கு தேவைப்படும்போது எடுக்க முடியாம பால் காய்ச்சல்ல படுத்துரும். மூணாவது ஈத்து, நல்ல கறவை, பால் காய்ச்சல் வர்றதுக்கு ஏத்த மாடு தான் உங்களுது. கடைசி மூணு வாரம் கால்சியம் டானிக் குடுத்துட்டு இருந்தா அதையும் நிறுத்துங்க, கன்னு போட்ட உடனே குடுங்க.

அதனால என் கணக்கு: கடைசி பத்து நாள்ல 30ல இருந்து 50 கிராம், வாசம் பழகறதுக்கு மட்டும். பத்து நாளைக்கு முன்னாடியே 100, 150ன்னு குடுக்கறவங்களும் உண்டு, ஆனா உங்க மாட்டோட கதைய கேட்ட பின்னாடி நான் அப்படி சொல்ல மாட்டேன். கன்னு போட்டு தீவனம் முழுசா காலி பண்ணுதான்னு பாருங்க. பண்ணுச்சுன்னா மூணாவது வாரத்துல இருந்து வாரத்துக்கு 50 கிராம் ஏத்தி 150, 200ல நிறுத்துங்க. ஒரு லிட்டர் பாலுக்கு 15 கிராம் வரைக்கும்னு வச்சுகிட்டா தப்பு வராது. 90 நாள் வரைக்கும் குடுத்துட்டு மாடு சதை பிடிக்க ஆரம்பிச்சதும் படிப்படியா குறைச்சுரலாம்.

நல்லெண்ணெய் பத்தி. மாட்டோட பெரு வயிறுல கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கு, நார செரிக்கறது அதுங்க தான். எண்ணெய் நார் மேல படிஞ்சா நுண்ணுயிரால ஒட்ட முடியாது, போதாததுக்கு எண்ணெய்ல இருக்குற கொழுப்பு அமிலம் அந்த நுண்ணுயிர கொல்லவும் செய்யும். அரை லிட்டர்னா 450 கிராமுக்கு மேல கொழுப்பு, ஒரே மடக்குல. மொத்த தீவனத்துல கொழுப்பு, காஞ்ச எடைக்கு 6, 7 சதவீதத்த தாண்டக்கூடாது. உங்க மாடு கன்னு போட்ட மொத வாரத்துல காஞ்ச எடையா 9, 10 கிலோ தின்னா பெருசு, அதுக்கு 6 சதவீதம்னா மொத்தமே 600 கிராம், புல்லுலயும் தீவனத்துலயும் ஏற்கனவே 300 கிராம் பக்கம் இருக்கும். நீங்களே கூட்டி பாருங்க. பைபாஸ் ஃபேட்டுக்கு அந்த பேரு வந்ததே அது பெரு வயித்த தொந்தரவு பண்ணாம தாண்டிப் போயி கீழ சிறுகுடல்ல செரிக்கறதுனால தான்.

கருப்பட்டியும் அப்படித்தான். மனுசனுக்கு சர்க்கரை நேரா ரத்தத்துல ஏறும், மாட்டுக்கு பெரு வயித்துலயே நொதிச்சு அமிலமா போயிரும். ஒரு சின்ன துண்டு ருசிக்கு பரவால்ல, கிலோ கணக்குல வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். மாடு இப்ப எப்படி இருக்கு, கடைசி விலா எலும்பு கைக்கு தட்டுப்படுதா இல்ல சதை மூடிருச்சா? வால் அடில ரெண்டு பக்கமும் குழி இருக்கா?

கோபி_கட்டுத்தாரை:

டாக்டர் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. இப்ப போய் தடவி பாத்துட்டு வந்தேன், விலா எலும்பு லேசா அமுக்குனா தட்டுப்படுது, கண்ணுக்கு தெரியல. வால் அடில குழி கொஞ்சம் இருக்கு, ரொம்ப ஆழம் இல்ல. கால்சியம் டானிக் அன்னாடம் 100 மில்லி குடுத்துட்டு தான் இருந்தேனுங்க, இன்னைக்கே நிறுத்தியாச்சு.

இன்னும் ரெண்டு சந்தேகம். பருத்திக்கொட்டைய ஊற வச்சு ஆட்டி பால் எடுத்து குடுப்போம், அதுலயும் கொழுப்பு தானே, அத நிறுத்தணுமா? அப்பறம் பைபாஸ் ஃபேட்ட தவிட்டுத் தண்ணில கரைச்சு குடுக்கலாமா, எங்க மாடு தண்ணி மட்டும் எப்பவும் மிச்சம் வைக்காது.

கால்நடை_டாக்டர்_நாமக்கல்:

நீங்க சொல்றத பாத்தா மாடு சரியான சதைல தான் இருக்கு, 5க்கு 3 இல்ல 3.25 மார்க் போடலாம். இப்படியே இருக்கட்டும், இந்த 20 நாள்ல கொழுக்க வைக்க முயற்சி பண்ணாதீங்க. கொழுத்த மாடு தான் கன்னு போட்ட பின்னாடி கம்மியா திங்கும், கீட்டோசிஸும் அதுக்குத்தான் அதிகம் வரும். கொழுப்பு சேந்தா எளைக்காதுன்னு கடைல சொன்னது இதுனால தான் எனக்கு ஒத்துக்க முடியல.

பருத்திக்கொட்டைல 18, 20 சதவீதம் கொழுப்பு இருக்கு. முழுக் கொட்டையா குடுத்தா கொழுப்பு மெல்ல மெல்ல வெளிய வரும், பெரு வயிறு தாங்கும், நாரும் புரதமும் கூட கெடைக்கும். ஆட்டி பாலா குடுத்தா எண்ணெய் மொத்தமா ஒரே நேரத்துல எறங்கும். கறவைல இருக்குற மாட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோ முழுக் கொட்டை போதும், ரெண்டு கிலோவ தாண்ட வேண்டாம், அத குடுக்குற நாள்ல பைபாஸ் ஃபேட்ட பாதியா குறைச்சுக்கோங்க.

பைபாஸ் ஃபேட் தண்ணில கரையவே கரையாது, மேல மிதக்கும். தாழில நேத்து தண்ணி புளிச்சு கெடந்தா அந்த புளிப்புல கால்சியம் பிரிஞ்சு சாதா கொழுப்பா மாறிரும், காசு குடுத்து வாங்குன குணமே போயிரும். இதே வேலை மாட்டு வயித்துலயும் நடக்கும். மக்காச்சோள மாவு, அரிசி சோறுன்னு அள்ளிப் போட்டு பெரு வயிறு புளிச்சுப் போன மாட்டுக்கு பைபாஸ் ஃபேட் பைபாஸ் ஆகாது. ஈரமா பிசைஞ்ச தீவனத்துல கலந்து குடுக்கறது தான் சரி, மேல ஒருத்தர் சொன்ன மாதிரி. மினரல் மிக்சர் விடாதீங்க, கொழுப்பு சேக்கும்போது மக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் கூடவே தேவைப்படும், அது கன்னு போட்ட பின்னாடி.

மெடிக்கல் ஷாப்புல சுகர்காரங்க சிறுநீர்ல கீட்டோன் பாக்குற ஸ்ட்ரிப் கெடைக்கும், ஒரு டப்பா வாங்கி வைங்க. கன்னு போட்ட அஞ்சாம் நாள்ல இருந்து ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ மூத்திரத்துல நனைச்சு பாருங்க. ரோஸ் கலர் கூடிட்டே போனாலோ ஊதாவுக்கு போனாலோ உங்க ஊர் டாக்டர கூப்புடுங்க, வாசம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ப்ரொப்பிலீன் கிளைக்கால் நாளைக்கு 300 மில்லின்னு சில நாள் குடுக்க சொல்வாங்க, அது ஈரல்ல குளுக்கோஸா மாறும். ராத்திரில மாடு படுத்து எந்திரிக்கலைன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு அடிங்க.

உசிலை_தோட்டம்:

எண்ணெய் புகட்டுறத பத்தி டாக்டர் ஒரு விசயம் விட்டுட்டாரு, நான் சொல்லியே ஆகணும். மூணு வருசம் முன்னாடி கன்னு போட்ட மாட்டுக்கு மூங்கில் குழாய்ல கடலெண்ணெய் புகட்டுனோம். நான் தலைய தூக்கி பிடிச்சிருந்தேன், தம்பி ஊத்துனான். மாடு இருமுச்சு, நாங்க நிறுத்தல, மிச்சம் கொஞ்சம் தானேன்னு ஊத்திட்டோம். அன்னைக்கு ராத்திரியே மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு, ரெண்டு மூக்குலயும் எண்ணெயும் சளியுமா ஒழுகுச்சு, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிருச்சுன்னாங்க. நாலு நாள் ஊசி போட்டும் காப்பாத்த முடியல, கன்னுக்குட்டி பால் இல்லாம கத்துனது இன்னும் காதுல இருக்கு. அந்த கிளைக்கால் மருந்து குடுத்தாலும் சரி வேற எது குடுத்தாலும் சரி தலைய ரொம்ப தூக்காதீங்க, நாக்க பிடிச்சு இழுக்காதீங்க, இருமுனா உடனே தலைய விட்ருங்க.

ராசிபுரம்_பால்:

காசு கணக்கும் பாத்துக்கோங்க. நான் கிலோ 160 ரூபாய்க்கு வாங்குறேன், 150 கிராம் குடுத்தா ஒரு நாளைக்கு 24 ரூபா. பால் 35 ரூபான்னு வச்சா 700 மில்லி கூட கறந்தா தான் போட்ட காசு வரும். 15 லிட்டருக்கு மேல கறக்குற மாட்டுக்கு எனக்கு ஒரு லிட்டர், ஒன்னேகால் லிட்டர் கூட வந்துச்சு, கையில நின்னுச்சு. 8 லிட்டர் மாட்டுக்கு குடுத்து பாத்தேன், பால் ஏறல, மாடு தான் கொழுத்துச்சு. அதுக்கு நல்ல பசும்புல்லும் புண்ணாக்கும் போதும்.

சொசைட்டில ஃபேட் ஏறுச்சு, 3.7ல இருந்து 4 வரைக்கும் வந்துச்சு, ஆனா எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்குற சத்து) ஒரு புள்ளி எறங்குச்சு, லாக்டோமீட்டர் டிகிரி குறையுதேன்னு கேட்டாங்க. தண்ணி கலந்துட்டேனோன்னு பாத்தாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா போச்சு. இது எல்லாருக்கும் ஆகுமா டாக்டர்?

கால்நடை_டாக்டர்_நாமக்கல்:

ஆகும், கொழுப்பு குடுத்தா பால் புரதம் சதவீதத்துல லேசா எறங்குறது தெரிஞ்ச விசயம் தான். பால் அளவு கூடும்போது அதே புரதம் பரவி நிக்குது, அதுபோக பெரு வயித்து நுண்ணுயிருக்கு கொழுப்புல இருந்து சக்தி கெடைக்காது, அதனால அதுங்க பண்ற புரதமும் கூடாது. மாவுச்சத்த குறைச்சுட்டு அந்த எடத்துல கொழுப்ப வச்சா இன்னும் எறங்கும். தீவனத்த அப்படியே வச்சு அதுக்கு மேல கூடுதலா சேருங்க, புண்ணாக்கு ஒரு கால் கிலோ கூட்டிக்கோங்க, ஓரளவு சரியாகும்.

கோபி அண்ணா, வெயிலுக்கு ஒரு வார்த்தை. நார் செரிக்கும்போது மாட்டு உடம்புக்குள்ள சூடு நிறைய உண்டாகும், கொழுப்புக்கு அது கம்மி. சித்திரை வைகாசில பசி குறைஞ்ச மாட்டுக்கு பைபாஸ் ஃபேட் அந்த வகைல ரொம்ப உதவும். தட்டையும் புல்லையும் விடியகாலைலயும் ராத்திரியும் போடுங்க, மத்தியானம் நிழலும் தண்ணியும் போதும்.

கோபி_கட்டுத்தாரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க, என்ன ஆச்சுன்னு சொல்லலாம்னு வந்தேன். சொன்ன தேதிக்கு மூணு நாள் முந்தியே கெடேரி கன்னு போட்டுருச்சு, நச்சுக்கொடி ஆறு மணி நேரத்துல விழுந்துருச்சு. கன்னு போட்ட ஒரு மணி நேரத்துல கால்சியம் குடுத்தேன், படுக்கல. எண்ணெய் புகட்டல, பெரியப்பாவுக்கு உசிலைக்காரர் எழுதுனத படிச்சு காட்டுனேன், ஒண்ணும் பேசாம கேட்டுகிட்டாரு.

முன்னாடி 40 கிராம் தான் குடுத்தேன். மொத நாள் மோந்து பாத்துட்டு நின்னுச்சு, ஈரத் தவிட்டுல பிசைஞ்சு கைல உருண்டையா வச்சு நீட்டுனேன், நாக்க சுத்தி வாங்கிருச்சு, மூணாம் நாள்ல இருந்து தாழிலயே தின்னுச்சு. ஸ்ட்ரிப் 5ம் நாள் நிறமே மாறல, 9ம் நாள் லேசா ரோஸ் ஆச்சு, கை நடுங்கிருச்சுங்க எனக்கு. உடனே எங்க ஊர் டாக்டருக்கு போன் பண்ணேன், கிளைக்கால் 300 மில்லி நாலு நாள் குடுக்க சொன்னாரு, ரெண்டு ரெண்டு மடக்கா தலைய தூக்காம குடுத்தோம். 13ம் நாள் திரும்ப வெள்ளையா வந்துச்சு. தீவனம் ஒரு நாள் கூட மிச்சம் வைக்கல.

இன்னைக்கு 26வது நாள். பால் 17 லிட்டர், எறங்கவே இல்ல. இடுப்பெலும்பு கொஞ்சம் தெரியுது, ஆனா போன தடவ மாதிரி இல்ல. பைபாஸ் ஃபேட் 21ம் நாள்ல இருந்து 50 கிராம், நாளன்னிக்கு 100 ஆக்கப் போறேன். நேத்து ராத்திரி 10 மணிக்கு போனப்ப படுத்து அசை போட்டுட்டு இருந்துச்சு, எண்ணி பாத்தேன், ஒரு கவளத்துக்கு 60 தடவ கிட்ட மெல்லுது. அது போதுமான அளவு தானுங்களா டாக்டர்?

கால்நடை_டாக்டர்_நாமக்கல்:

50ல இருந்து 70 நல்ல அளவு, பெரு வயிறு சரியா வேலை செய்யுது. 100ல ஒரு வாரம் நிறுத்தி பாருங்க, சாணி தண்ணியா போகலைன்னா அடுத்த 50 ஏத்துங்க. 45 நாளுக்கு மேல பருவத்துக்கு வருதான்னு காலைலயும் பொழுதோடயும் கவனிங்க, மொத பருவத்துல ஊசி போட வேண்டாம், தேதிய மட்டும் குறிச்சு வைங்க, 60 நாள் தாண்டி வர்றதுல போடலாம்.